பேரன் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடாதீர்கள்

போன அக்டோபரில், தசரா விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து வந்திருந்த பேரனைத் திருச்சிக்கு அழைத்துக்கொண்டு போனோம். மலைக்கோட்டை பார்க்க அல்ல. ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டைப் பார்க்க. (கை, விரல் வேலைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். இப்படி ஒரு படிப்பு இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.)

பையனுக்கு நான்கு வயது முடிந்து நான்கு மாதம். எல்.கே.ஜி. பள்ளியிலிருந்து புகார். பென்சிலைக் கொடுத்தால் முழுக்கையால், தேங்காய் துருவியைப் பிடிப்பதுபோலப் பிடிக்கிறானாம். கிரேயானில் கோடு போட்டால் அழுத்தமே இல்லை, காற்றில் கிறுக்கியதுபோல இருக்கிறது. டிபன் பாக்ஸைத் திறக்காமல் ஆயாவிடம் நீட்டிவிட்டு நிற்கிறான். வாய் மட்டும் வக்கீல் வாய்.

மகனுக்குக் கோபம் பள்ளியின் மேல். மருமகளுக்கு வருத்தம் தன் மேல். வேலைக்குப் போகிற பெண்களுக்கு எதற்கெடுத்தாலும் முதலில் அதுதானே வருகிறது. நானும் என் மனைவியும் காரின் பின் சீட்டில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். ஏன் பேசவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. ஒன்றரை வயதிலிருந்து மூன்றரை வயது வரை அந்தப் பையன் வளர்ந்தது எங்களிடம், இந்த அரும்பாவூர் வீட்டில்.

அந்தப் பெண் தெரபிஸ்ட்டுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். பையனைக் கொஞ்ச நேரம் விளையாட விட்டுப் பார்த்தார். பிறகு எங்களைக் கேட்டார்.

"சோறு யாரும்மா ஊட்டுறது?"

"நான்தாம்மா" என்றாள் என் மனைவி.

"தானா சாப்பிட விட்டதே இல்லையா?"

"சட்டையெல்லாம் பூசிக்குவாம்மா. அப்புறம் பாதிதான் வயித்துக்குப் போகும்."

"செருப்பு, சட்டை?"

நான் கையைத் தூக்கினேன்.

"பால்?"

"பாட்டில்ல... மூணு வயசு வரைக்கும்."

"சாப்பிடுறப்ப செல்போன் குடுப்பீங்களா?"

இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. பையனே சொன்னான்: "அப்பாயி போன்ல ஜேசிபி பாப்பேன்."

அவர் சிரித்துவிட்டார். "கோளாறுன்னு சொல்ற மாதிரி எதுவும் எனக்குத் தெரியலைங்க சார். கைக்கு வேலையே குடுக்கல, அவ்வளவுதான். சட்டைப் பட்டன் கழட்டுறது நாலு வயசுல வரும், போடுறது அஞ்சுலதான் நல்லா வரும். அதுக்கெல்லாம் கவலைப்படாதீங்க. ஆனா பென்சில விரல்ல பிடிக்கிறது இந்த வயசுல வரணும்." ஒரு சாதனமும் எழுதிக் கொடுக்கவில்லை. வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

திரும்பி வரும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. ஏனென்றால் விரல்களால் பிழைத்தவன் நான். முப்பது வருஷத்துக்கு மேல் அரசு அலுவலகத் தட்டச்சர். இரண்டு விரலில் குத்தித் தட்டினால் மாஸ்டர் அடி ஸ்கேலால் முட்டியில் போடுவார். தமிழில் "யளனக" என்று ஆரம்பிப்பதற்கே முதலில் சுண்டு விரல் எழுந்திருக்க வேண்டும். அது எழுந்திருக்காமல் நான் மாதக்கணக்கில் அழுதிருக்கிறேன். பத்து விரலுக்கும் தனித்தனியாகப் புத்தி உண்டு, தனித்தனியாகப் பழக்க வேண்டும் என்று அப்போதே படித்தவன், பேரனுடைய பத்து விரலையும் சும்மா உட்கார வைத்துவிட்டேன்.

செல்போன் குழந்தைகளைக் கெடுக்கிறது என்று எழுத எல்லோரும் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமே 2019-ல் சொல்லிவிட்டது: ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை அதிகபட்சம் ஒரு மணி நேரம், அதிலும் குறைவு நல்லது என்று. நான் சொல்ல வந்தது வேறு. குழந்தையின் கையைக் கட்டிப்போடுவதில் செல்போனுக்குச் சமமான பங்கு தாத்தா பாட்டி செல்லத்துக்கும் இருக்கிறது. "இரு, நான் ஊட்டி விடறேன்", "கொட்டிடுவே, குடு", "நீ நில்லு, தாத்தா மாட்டி விடறேன்" - இந்த மூன்று வாக்கியத்தையும் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். நான் எண்ணிப் பார்த்தேன். பகல் பன்னிரண்டு மணிக்குள் பதினேழு.

கொஞ்சம் உடம்பு விஷயம் சொல்லிவிடுகிறேன். நம் மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை எலும்பே அல்ல, குருத்தெலும்பு. வருஷத்துக்கு ஒன்று என்கிற மாதிரி மெதுவாக எலும்பாகி, எட்டும் உருவாவதற்குப் பத்து வயதுக்குப் பக்கம் ஆகிவிடுகிறது. அதனால்தான் இரண்டரை வயதில் பிளே ஸ்கூலில் போட்டு "ஏ எழுது, பி எழுது" என்று பென்சிலைத் திணிப்பதும் தப்பு. கையை முதலில் தயார் செய்ய வேண்டும், எழுத்து பிறகு. ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு பொரியைக் கிள்ளி எடுக்க வரும். ஒன்றே கால் வயதில் இரண்டு கட்டையை ஒன்றன்மேல் ஒன்று வைக்கும். ஒன்றரை வயதில் கிறுக்கும், கரண்டியோடு மல்லுக்கட்டும். இரண்டரையில் மூடியைத் திருகித் திறக்கும். மூன்றில் பெரிய மணியைக் கயிற்றில் கோக்கும். முன்னே பின்னே ஆகும். ஆனால் இந்தப் படிகள் எல்லாவற்றிலும் நாம் குறுக்கே கை நீட்டாமல் இருந்தால்தான் ஆகும்.

மகன் பெங்களூரில் "பிஸி போர்டு" என்று ஒன்று வாங்கியிருந்தான். இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய். ஒரு பலகையில் தாழ்ப்பாள், ஜிப், பக்கிள், திருகு எல்லாம் பொருத்தியது. வேண்டாம் என்று சொல்லமாட்டேன், நல்ல பொருள்தான். ஆனால் என் மனைவியின் கல்யாணச் சீரில் வந்த நாலடுக்கு டிபன் கேரியர் பரணில் கிடந்தது. அதன் கொக்கியைத் தூக்கி, கைப்பிடியைக் கழற்றி, நான்கு அடுக்கையும் பிரித்து மறுபடி ஒழுங்காக அடுக்கிப் பூட்டுவதற்கு வேண்டிய வேலையைப் பாருங்கள். பேரன் முதல் நாள் அதோடு முக்கால் மணி நேரம் இருந்தான்.

இதெல்லாம் நம் கண்டுபிடிப்பும் இல்லை, புதிதும் இல்லை. ஆண்ட்ரூ பெல் என்றொரு வெள்ளைக்காரப் பாதிரியார் 1787-ல் சென்னைக்கு வந்தார். 1789-லிருந்து எழும்பூரில் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கான அநாதை விடுதியைக் கவனித்துக்கொண்டவர். ஒரு நாள் வழியில் நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். தன் விடுதியிலும் அதைக் கொண்டுவந்தார். 1797-ல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். சென்னை முறை என்று பெயர் வாங்கி இங்கிலாந்துப் பள்ளிகள் வரைக்கும் மணல் தட்டு போனது. மணலில் எழுதினால் விரல் நுனியே எழுத்தாணி. தப்பானால் ஒரு தடவு தடவிவிடலாம். என் அப்பா அப்படித்தான் படித்தார். எனக்கே கொஞ்ச நாள் வாய்த்தது.

அடுத்தவர் எல்லோருக்கும் தெரிந்த மாண்டிசோரி அம்மையார். ரோமில் ஏழைக் குடியிருப்பில் 1907-ல் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தவர், 1939 நவம்பரில் அடையாறு பிரம்ம ஞான சபைக்கு வந்தார். வந்த இடத்தில் உலக யுத்தம். இத்தாலிக்காரர் என்பதால் திரும்பிப் போக முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார். சில காலம் கொடைக்கானலிலும். இன்று மாண்டிசோரி என்றால் ஃபீஸ் ஞாபகத்துக்கு வருகிறது. அவர் குழந்தைகள் கையில் கொடுத்தவற்றைப் பார்த்தால் சிரிப்பு வரும்: ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது, கரண்டியால் தானியத்தை அள்ளி அடுத்த கிண்ணத்தில் போடுவது, பொத்தான் மாட்டுவது, மேசை துடைப்பது. மரக்கட்டையில் சின்னக் குமிழ் வைத்த உருளைகள் செய்தார். மூன்று விரலால்தான் அந்தக் குமிழைப் பிடிக்க முடியும். அந்த மூன்று விரல்தான் பின்னால் பென்சில் பிடிக்கும் என்பது கணக்கு.

அதைப் படித்தபோது வாசலில் என் மனைவி கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். அதே மூன்று.

கோலப்பொடியைக் கிள்ளிப் புள்ளி வைக்கச் சொன்னால் பேரன் முதலில் கைப்பிடியாக அள்ளிக் கொட்டினான். ஒரு கிலோ பொடி மூன்று நாளில் தீர்ந்தது. (சுண்ணாம்புப் பொடி வேண்டாம், அரிசி மாவு. கையை உடனே வாயில் வைப்பான்.) பத்தாம் நாள் விரல் மூன்றும் கூடின. அந்தப் புள்ளி ஒரு காசு அகலத்துக்குத்தான் இருந்தது, வரிசையும் இல்லை. எனக்கு இருந்த சந்தோஷத்தில் போட்டோ எடுத்து மருமகளுக்கு அனுப்பினேன்.

இனி என் அசட்டுத்தனத்தைச் சொல்ல வேண்டும். பேரன் ஊருக்குப் போன பிறகு நவம்பரில் மகள் வயிற்றுப் பேத்தி பகலில் எங்களிடம் இருக்க ஆரம்பித்தாள். ஒன்றே முக்கால் வயது. பேரனிடம் விட்டதை இவளிடம் பிடித்துவிடலாம் என்று எனக்கு ஒரே உற்சாகம். எங்கேயோ படித்ததை வைத்து இரண்டு கிண்ணம், ஒரு தட்டில் கொண்டைக்கடலையும் நிலக்கடலையும் கலந்து வைத்து "பிரிச்சுப் போடு கண்ணு" என்றேன். அழகாகத்தான் பொறுக்கினாள். நான் கேஸ் சிலிண்டர்காரருக்குக் கதவு திறந்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் ஒரு கொண்டைக்கடலை மூக்குக்குள் போய்விட்டது.

ராத்திரி எட்டு மணிக்குப் பெரம்பலூர். கடலை ஈரத்தில் ஊறிப் பெருத்திருந்தது. டாக்டர் வளைந்த கருவி ஒன்றை விட்டு எடுத்தார். குழந்தை அலறியதை நான் வெளியில் நின்று கேட்டேன். "மூக்கோடு போச்சு. மூச்சுக் குழாய்க்குப் போயிருந்தா வேற கதை பெரியவரே" என்றார் டாக்டர். மகள் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. பேசாதது நியாயம்.

ஆகவே இதை எழுதுவதில் எனக்கு மிக முக்கியமான பத்தி இதுதான். மூன்று வயது வரை எலுமிச்சம்பழத்தைவிடச் சின்னதாக எதுவும் விளையாட்டுப் பொருளாகக் கையில் போகக் கூடாது. நிலக்கடலை, கொண்டைக்கடலை, புளியங்கொட்டை, சோழி, குண்டுமணி, பொத்தான் ஒன்றும் வேண்டாம். டிவி ரிமோட்டில், பொம்மையில் இருக்கும் வட்ட பேட்டரி எல்லாவற்றிலும் மோசம், விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும். மூன்று வயதுக்கு மேலும் பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். பக்கத்தில் என்றால் சீரியல் பார்த்துக்கொண்டு அல்ல. பல்லாங்குழி நம் பெருமைதான். அதன் காலம் ஐந்து வயதுக்கு மேல்.

சின்னது இல்லாமல் என்ன செய்வது என்றால், நிறைய இருக்கிறது. இட்லித் தட்டும் ஆறு எலுமிச்சம்பழமும் கொடுத்தேன். குழிக்கு ஒன்றாக வைப்பாள், எடுப்பாள், மறுபடி வைப்பாள். துணி காயப்போடும் கிளிப்பை அமுக்கி வாளி விளிம்பில் மாட்டுவது இரண்டரை வயதுக்கு மேல்தான் வரும், இவள் இப்போதைக்கு வாளியில் போட்டு எடுக்கிறாள். சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை. பழைய செய்தித்தாளைக் கிழிப்பது (குழந்தைக்கு அதைவிட இனிப்பான வேலை கிடையாது, கூட்டிப் பெருக்க எனக்கும் உடற்பயிற்சி). ஈர ஸ்பாஞ்சைப் பிழிவது. முருங்கைக்கீரை உருவும்போது பக்கத்தில் ஓர் இணுக்கு கொடுத்துவிடுங்கள். மனைவி ஒரு கட்டு முடிப்பதற்குள் இவள் நான்கு இலை பறிப்பாள், அந்த நான்கு இலைக்கும் இரண்டு விரல் சேர்ந்து நுணுக்கமாக வேலை செய்திருக்கும். எழுதத் தொடங்கும் பிள்ளைக்கு முழு கிரேயானைவிட உடைந்த துண்டு நல்லது என்று அந்த தெரபிஸ்ட் சொன்னார். துண்டை முஷ்டியில் பிடிக்க இடமில்லை, விரல் நுனிக்குத்தான் வரும். உடைந்தால் குப்பையில் போடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே சோறு. கையால் பிசைந்து, கவளம் கூட்டி, வாய்க்குக் கொண்டுபோவதில் இல்லாத பயிற்சி எந்தக் கிட்டிலும் இல்லை. ஒரு நாளைக்கு மூன்று வேளை, இலவசம். பாதி தரையில்தான் விழும். கீழே ஒரு பழைய வேட்டியை விரித்துவிடுங்கள்.

எங்கள் ஊரைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு நான் அடுத்து எங்கே வருவேன் என்று தெரியும். அரும்பாவூர், தழுதாழை மரச்சிற்பங்களுக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகை, மா போன்ற மரத்தில் தெய்வத் திருமேனிகள் செய்கிறார்கள். தெருவில் நடந்தால் உளிச் சத்தம் கேட்கும். எனக்குத் தெரிந்த ஒரு சிற்பியின் பட்டறையில் சாயங்காலம் போய் உட்காருவது என் வழக்கம். சாமியின் கண் திறக்கும்போது அவர் உளியை எப்படிப் பிடிக்கிறார் என்று கவனித்திருக்கிறேன். நுனி அசைவது ஒரு மயிரிழை. தோள் அசையாது, முழங்கை அசையாது.

"இந்தக் கை எப்ப வந்துச்சு?" என்று கேட்டேன்.

"உளி பிடிச்சது பெரியவனாகித்தான் சார். அதுக்கு முன்னாடி ஏரிக் களிமண்ணு, சோளத்தட்டை. சும்மா இருந்ததா ஞாபகம் இல்ல" என்றார்.

பேரன் கதையைக் கேட்டுவிட்டு, மிச்சம் விழுந்த வாகைக் கட்டைகளைச் சதுரம், நீளம் என்று அறுத்து, உப்புத்தாள் போட்டு முனை மழுக்கிக் கொடுத்தார். பெயிண்ட் கிடையாது, பாலிஷ் கிடையாது. இருபத்திரண்டு கட்டை. காசு வாங்க மறுத்துவிட்டார். பேத்தி இப்போது நான்கு அடுக்குகிறாள். அடுக்குவதைவிடத் தள்ளுவதில்தான் அவளுக்கு ஆர்வம்.

இதையெல்லாம் "அந்தக் காலம் பொற்காலம்" என்று சொல்வதற்காக எழுதவில்லை. அந்தக் காலத்தில் நம் கை வேலை செய்ததற்குக் காரணம் நம் பெற்றோரின் ஞானம் அல்ல. ஆள் பற்றாக்குறை. ஐந்து வயதில் பருத்திச் சுளை எடுத்தோம், வெங்காயம் அறுத்துக் கண் எரிந்தோம், மல்லாட்டை உடைத்தோம். என் அக்கா பள்ளிக்கூடமே பார்க்காமல் அந்த விரல்களோடு காலத்தை ஓட்டினாள். அவளுக்கு விரல் நன்றாகத்தான் வேலை செய்தது. அது யாருக்கும் வரவேண்டாம். வேலை வாங்குவது வேறு, விளையாட விடுவது வேறு. குழந்தை போதும் என்று எழுந்தால் போதும்.

மருமகள் பொங்கலுக்கு வந்தபோது ஒன்று சொன்னாள். "மாமா, நீங்க சொல்றதெல்லாம் சரி. காலையில ஏழே முக்காலுக்கு வேன். அவனே ஷூ போட்டுக்கிற வரைக்கும் நான் நின்னா வேன் போயிடும், என் வேலையும் போயிடும்." நான் என்ன பதில் சொல்ல முடியும்? சரிதான் என்றேன். சனி, ஞாயிறு மட்டும் விடச் சொன்னேன். அவளுக்கு இல்லாத நேரம் எனக்கும் என் மனைவிக்கும் கிடக்கிறது. எங்களுக்கு எந்த வேன் வரப்போகிறது? இருந்தும் இரண்டு வருஷம் அவன் செருப்பை நான் அவசரம் அவசரமாக மாட்டி விட்டேனே, எங்கே போக? டீக்கடைக்கு.

ஒரு விஷயம் விட்டுப்போகக் கூடாது. வீட்டுப் பொருளால் எல்லாம் சரியாகிவிடும் என்று மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள். ஒரு வயது தாண்டியும் விரலால் கிள்ளி எடுக்கவே வரவில்லை, ஒன்றரை வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மறு கையை மூடியே வைத்திருக்கிறது, முன்பு செய்ததை இப்போது செய்யவில்லை என்றால் உடனே காட்ட வேண்டும். பிறந்ததிலிருந்து 18 வயது வரைக்குமான குழந்தைகளுக்கு அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பரிசோதனை செய்யும் மத்திய அரசுத் திட்டம் 2013-லிருந்து இருக்கிறது. சந்தேகமானால் மாவட்ட அளவிலான ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். செலவு கிடையாது. அங்கன்வாடி அம்மாவிடம் கேளுங்கள். "எங்க வம்சத்துல எல்லாம் லேட்டுதான்" என்று தள்ளிப்போடுகிற வேலை நம்மைப் போன்ற பெரியவர்கள் செய்வது.

இப்போது தை மாதம். மக்காச்சோளம் அறுத்துக் களத்தில் காய்கிறது. பொங்கல் விடுமுறையில் பேரன் திண்ணையில் உட்கார்ந்து ஒரு கதிரை உதிர்த்தான். முதல் வரிசை நான் உதிர்த்துக் கொடுத்தேன், இல்லாவிட்டால் விரல் நுழையாது. அதற்கப்புறம் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி ஒவ்வொன்றாக. கால் கதிரில் விரல் சிவந்துவிட்டது, எழுந்து போய்விட்டான். பேத்தியை அந்தப் பக்கமே விடவில்லை.

பென்சில் பிடி இன்னும் முழுசாக வரவில்லை. நான்கைந்து கோடு வரைக்கும் விரலில் நிற்கிறது, அப்புறம் முஷ்டிக்குப் போய்விடுகிறது. பள்ளியில் முன்னேற்றம் என்று எழுதியிருக்கிறார்களாம்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று சட்டையை அவனே போட்டுக்கொண்டான். ஐந்து பொத்தானில் மூன்று மாட்டியிருந்தான், ஒரு துளை தள்ளி. ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நடந்தான். எதிரில் வந்த பழைய சிநேகிதர் ஒருவர் நின்று, "என்னப்பா இது, கோணலா..." என்று குனிந்து சட்டையில் கை வைத்தார்.

"விடுங்க அண்ணே, இருக்கட்டும்" என்றேன்.